கையைக் கடிக்காமல் கேமிங் கம்ப்யூட்டர்: பாகம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேம் ஓடும்போது திக்கித் திக்கி நின்றால் பிள்ளைகள் கேட்பது புது கம்ப்யூட்டர். கடையில் காட்டுவது புது கிராஃபிக்ஸ் கார்டு. இரண்டுக்கும் பணம் எடுக்கும் முன்னால், இருக்கிற பெட்டிக்குள் எந்தப் பாகம் மற்றதையெல்லாம் காக்க வைக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஒன்றை மாற்றினாலே இன்னும் சில வருடம் நிம்மதியாக ஓடக்கூடிய கம்ப்யூட்டர்கள் நிறைய வீடுகளில் இருக்கின்றன.

பேச்சுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமே என்று என் அக்கா மகனுடையதையே எடுத்துக்கொள்கிறேன். 2019 வாக்கில் அசெம்பிள் செய்தது. ரைசன் 5 2600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, ஒற்றை 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, பேர் தெரியாத ஒரு எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் டப்பா). உங்கள் வீட்டில் இருப்பது வேறாக இருந்தாலும் பார்க்கும் முறை ஒன்றுதான். விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால் தொகை எதுவும் எழுதவில்லை.

1. கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஸ்டிக்கரையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ப்ராசஸர், ரேம், கார்டு ஆகியவற்றின் பெயரை ‘சிபியு-இசட்’ போன்ற இலவச மென்பொருளே சொல்லிவிடும். எஸ்எம்பிஎஸ்ஸின் பெயரை மட்டும் எந்த மென்பொருளும் சொல்லாது. அதை மூடியைத் திறந்துதான் படிக்க வேண்டும். மதர்போர்டின் மாடல் எண் போர்டின் மேலேயே அச்சிட்டிருக்கும். கடைக்குப் போகும்போது இந்தப் படங்கள் கையில் இருந்தால், “உங்க போர்டுக்கு இதெல்லாம் செட் ஆகும் சார்” என்ற பேச்சை அங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

2. எந்தப் பாகம் தடுக்கிறது என்று பார்க்கப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள் எந்தக் கம்பெனி கார்டிலும் ஓடும். கேம் ஆடும்போதே திரையின் மூலையில் கார்டின் உழைப்பு, ப்ராசஸரின் உழைப்பு, ரேம் பயன்பாடு, சூடு எல்லாவற்றையும் காட்டும். கார்டு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால், கார்டுதான் மூச்சு முட்டுகிறது. கார்டு 60, 70 சதவீதத்திலேயே இருந்தும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) ஏறவில்லை என்றால், ப்ராசஸரால் வேலை கொடுக்க முடியவில்லை என்று பொருள். சந்தேகமாக இருந்தால் கேமின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் தடை கார்டில். அசையவே இல்லையென்றால் தடை ப்ராசஸரில். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவை ப்ராசஸரைக் கசக்கும். சைபர்பங்க் 2077 போன்றவை கார்டைக் கசக்கும். அதனால் வீட்டில் உண்மையில் ஆடுகிற கேமை வைத்தே சோதியுங்கள். யூடியூபில் வேறொருவர் ஆடிக் காட்டியதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

3. காசில்லாமல் கிடைக்கும் வேகத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கார்டில் செருகியிருக்கிறதா என்று பின்புறம் பாருங்கள். கார்டில்தான் இருக்க வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் விண்டோஸில் 60 ஹெர்ட்ஸிலேயே விட்டிருப்பவர்கள் நிறைய. டிஸ்ப்ளே செட்டிங்கில் மாற்றினால் அடுத்த நொடியே வித்தியாசம் தெரியும். 3200 வேகம் என்று போட்ட ரேம், மதர்போர்டின் அடிப்படை செட்டிங்கான பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்ற வசதியைப் போடாதவரை 2400, 2666 என்றே ஓடிக்கொண்டிருக்கும். கேம் செட்டிங்கில், குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் எஃப்எஸ்ஆர் இருந்தால் ‘குவாலிட்டி’ நிலையில் வைத்துப் பாருங்கள். அது ஏஎம்டி கண்டுபிடித்ததாக இருந்தாலும் ஜிடிஎக்ஸ் 1650 போன்ற என்விடியா கார்டுகளிலும் வேலை செய்யும். அதே வேலையைச் செய்யும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் வேண்டுமானால் ஆர்டிஎக்ஸ் கார்டு இருந்தே ஆக வேண்டும்.

4. ஒற்றை ரேம் குச்சி இருந்தால் ப்ராசஸருக்குப் பாதி வழிதான் திறந்திருக்கிறது. 8 ஜிபியோடு இன்னொரு 8 ஜிபி சேர்த்தால் மொத்தம் 16 ஆவது ஒரு லாபம். டூயல் சேனல் கிடைப்பது இன்னொரு லாபம். ரைசனில் இந்த இரண்டாவது லாபம் கண்ணுக்குத் தெரியும். நான்கு ஸ்லாட் இருக்கும் போர்டில், ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணினால் பெரும்பாலும் இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடம். போர்டின் கையேட்டில் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் அந்த இரண்டாவது லாபம் போய்விடும். டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 உட்காராது. லேப்டாப் ரேம் அளவே வேறு. வேறு வேறு வேகமுள்ள இரண்டு குச்சிகளைச் சேர்த்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும்.

5. 2025-இன் கடைசி மாதங்களிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போனதுதான் காரணம். டிடிஆர்5 மட்டுமல்ல, பழைய டிடிஆர்4-உம் ஏறிவிட்டது. ஆகவே கையில் இருக்கும் டிடிஆர்4 ரேமை வீணாக்காமல், அதே போர்டில் மேம்படுத்துவதற்கு முன்பைவிட இப்போது மதிப்பு அதிகம். பழைய ரேம் வாங்குவதிலும் பெரிய ஆபத்தில்லை. தேய்கிற பாகம் எதுவும் அதில் கிடையாது. வாங்கி வந்ததும் மெம்டெஸ்ட்86 போட்டு ஓர் இரவு ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

6. இன்னமும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் ஏறுகிறது என்றால், வேறு எதையும் யோசிக்காமல் முதலில் எஸ்எஸ்டி போடுங்கள். ஸ்டார்ஃபீல்டு, சைபர்பங்க் 2077-இன் 2.0 பதிப்பு போன்றவை எஸ்எஸ்டி கட்டாயம் என்றே கேட்கின்றன. கேமில் புதுத் தெருவுக்குள் நுழையும்போது ஒரு கணம் உறைந்து நிற்பதற்குப் பல நேரம் ஹார்டு டிஸ்க்தான் காரணம். சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி வரை படிக்கும்; என்விஎம்இ வகை 3500 எம்பியைத் தொடும். ஆனால் கேம் திறக்கிற நேரத்தில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சம்தான். ஹார்டு டிஸ்க்கிலிருந்து இரண்டில் எதற்கு மாறினாலும் கிடைப்பதுதான் பெரிய தாவல். மதர்போர்டிலேயே எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட்டில் எந்த வகை பொருந்தும், அதில் போட்டால் எந்த சாட்டா போர்ட் அணைந்துபோகும் என்பதெல்லாம் மதர்போர்டு கையேட்டில் இருக்கும். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்ற வேண்டாம். கல்யாண வீடியோவும் போட்டோக்களும் அதிலேயே இருக்கட்டும்.

7. எஸ்எம்பிஎஸ் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் பணம் மிச்சம் பிடிக்கக் கை வைக்கிற முதல் இடம் இதுதான். கேபினெட்டோடு இலவசமாக வரும் டப்பாவில் பெரிய எழுத்தில் ‘450’ என்று போட்டிருக்கும். அதைப் பார்க்காதீர்கள். பக்கத்திலிருக்கும் சிறிய கட்டத்தில் +12வி என்ற வரிசைக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். அதை 12-ஆல் பெருக்குங்கள். 15 ஆம்பியர் என்றிருந்தால் 180 வாட்; ப்ராசஸருக்கும் கார்டுக்கும் அது கொடுக்கக்கூடியது அவ்வளவே. 37 ஆம்பியர் என்றிருந்தால் 444 வாட். அதுதான் நேர்மையான 450. ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட் கேட்கும். 65 வாட் என்று போட்ட ரைசன் ப்ராசஸர் முழு வேகத்தில் 88 வாட் வரை இழுக்கும். கூட்டினால் 220. 180 வாட் டப்பாவில் இதை மாட்டினால், கேம் சூடுபிடிக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் பட்டென்று அணையும். அது நல்ல விளைவு. மோசமான விளைவில் எஸ்எம்பிஎஸ் போகும்போது மதர்போர்டையும் கார்டையும் கூடவே அழைத்துக்கொண்டு போகும்.

8. நடுத்தரக் கார்டு ஒன்று, 65 வாட் ப்ராசஸர் ஒன்று இருக்கும் செட்டுக்கு, பெயரெடுத்த கம்பெனியின் 550 வாட் தாராளம். 750, 850 என்று போக வேண்டிய அவசியமே இல்லை. ‘80 ப்ளஸ் பிரான்ஸ்’ என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றித் தருகிறது என்பதற்கான முத்திரை. பாதுகாப்புச் சுற்றுகள் நன்றாக இருக்கின்றன என்பதற்கு அது உத்தரவாதமல்ல. எனவே வாரன்டி எத்தனை வருடம் என்றும் கேளுங்கள். 5 வருடம் கொடுப்பவர்கள் தங்கள் பொருளை நம்பிக் கொடுக்கிறார்கள்.

9. கார்டுக்கு வேண்டிய 8 பின் கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே நேராக வர வேண்டும். “கன்வெர்ட்டர் போட்டுக்கலாம் சார்” என்று நான்கு பின் மோலெக்ஸிலிருந்து மாற்றித் தருவார்கள். 8 பின் இணைப்பு 150 வாட் வரை எடுக்கும். அவ்வளவு பளுவுக்கு அந்த மெல்லிய வயர் செய்யப்படவில்லை, உருகிவிடும். இன்னொன்று: கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடுலர் வகை வாங்கினால், பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் செருகவே கூடாது. பொருந்துவது போலவே இருக்கும். உள்ளே வயர் வரிசை வேறாக இருக்கும். ஒரே தடவை ஆன் செய்தால் போதும், எஸ்எஸ்டி போய்விடும்.

10. இப்போது கார்டு. முதலில் உங்கள் மானிட்டரைப் பாருங்கள். 1080பி மானிட்டருக்கு 1440பி கார்டு வாங்குவது பணத்தைப் பூட்டி வைப்பது. 1080பி-யில் ஆடுவதற்கு 8 ஜிபி மெமரி குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 ஜிபி, 6 ஜிபி கார்டை இன்று புதிதாக வாங்காதீர்கள். அக்கா மகனின் செட்டுக்கு நான் சொன்னது ஆர்எக்ஸ் 6600, அல்லது நல்ல நிலையில் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி. 2021-இல் வந்தவைதான் இரண்டும். ஆனால் அவனுடைய ப்ராசஸருக்கும் 1080பி மானிட்டருக்கும் அளவெடுத்தது போல் இருக்கும்.

11. பழைய பெரிய கார்டு விலை குறைந்து கிடைக்கிறதே என்று ஜிடிஎக்ஸ் 1080 டிஐ பக்கம் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ஒளியையும் நிழலையும் கணக்கிடும் ரே ட்ரேசிங் வசதி கார்டிலேயே இருந்தால்தான் ஓடும். 1080 டிஐ-யில் அது இல்லை. எவ்வளவு வேகமான கார்டாக இருந்தாலும் கேம் திறக்காது. மேலும், ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்புக்கான அப்டேட் மட்டும் 2028 வரை வரும். பழைய கேம்களை மட்டும் ஆடும் வீட்டுக்கு இது பொருட்டல்ல. புதிய கேம் கேட்கும் பிள்ளை இருந்தால் வேண்டாம்.

12. ஒரே பெயரில் இரண்டு பொருள் வரும்; கவனம். ஆர்டிஎக்ஸ் 3050-இல் 8 ஜிபி ஒரு வகை, 6 ஜிபி ஒரு வகை. 6 ஜிபியில் மெமரி மட்டும் குறைவல்ல, உள்ளிருக்கும் கோர்களும் குறைவு. ஆர்டிஎக்ஸ் 3060-இலும் 12 ஜிபி, 8 ஜிபி என்று உண்டு. 8 ஜிபியில் மெமரிப் பாதை 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறுகிவிடும். ஜிடி 1030 என்ற கார்டில் ஜிடிடிஆர்5 மெமரிக்குப் பதில் டிடிஆர்4 போட்ட ஒரு வகை வந்தது. அது கேமுக்கு ஆகவே ஆகாது. ஆர்எக்ஸ் 580 என்று விற்கப்படும் ‘2048எஸ்பி’ உண்மையில் 570-க்குச் சமம். கடையில் “3060 இருக்கா” என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை ஜிபி, எத்தனை பிட் என்று சேர்த்துக் கேளுங்கள்.

13. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி விலையைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அது மதர்போர்டோடு பேசுவதற்கு நான்கு பாதை மட்டுமே வைத்திருக்கிறது. கார்டு செருகும் ஸ்லாட் பிசிஐஇ 4.0 ஆக உள்ள போர்டில் சமாளித்துக்கொள்ளும். பி450 போன்ற 3.0 போர்டில் அந்த நான்கு பாதையும் பாதி வேகமாகி, கேம் விட்டுவிட்டு ஓடும். பழைய போர்டுக்காரர்கள்தான் விலை குறைந்த கார்டு தேடுகிறார்கள், அவர்களுக்குத்தான் இது பொருந்தவில்லை. 12 ஜிபியோடு வரும் இன்டெல் ஆர்க் பி580-உம் இதே கதை. கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரே தடவையில் அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத பழைய ப்ராசஸரோடு சேர்த்தால் அதன் உண்மையான வேகம் வெளியே வராது.

14. பழைய கார்டு வாங்குவது தப்பில்லை. பார்க்காமல் வாங்குவதுதான் தப்பு. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கார்டுகள் தேவைப்படாத முறைக்கு மாறியதும், அந்த நாணயத்துக்கான மைனிங்கில் இரவு பகலாக ஓடிய கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. அவை எல்லாம் கெட்டவை என்று சொல்ல மாட்டேன். ஃபேன் தேய்ந்திருக்கலாம், மெமரி சூட்டில் பழுதாகியிருக்கலாம், அதைத்தான் சோதிக்க வேண்டும். விற்பவர் இடத்திலேயே அரை மணி நேரம் கேம் ஓடவிடச் சொல்லுங்கள். திரையில் கோடு, புள்ளி, நிறச் சதுரம் வருகிறதா, ஃபேன் கரகரக்கிறதா, சூடு எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். பின்னால் உள்ள ஒவ்வொரு போர்ட்டிலும் கேபிளைச் செருகிப் பாருங்கள். ஜிபியு-இசட் என்ற சிறிய மென்பொருளை ஒரு பென் டிரைவில் எடுத்துப் போங்கள். பயாஸை மாற்றிப் பழைய கார்டைப் புது கார்டாகக் காட்டினால், பெயருக்கு முன்னாலேயே போலி என்று அது போட்டுவிடும். “ஆன் பண்ணிக் காட்ட இப்ப செட் இல்லை தம்பி” என்று சொல்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

15. பழையதில் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது: ப்ராசஸர், ரேம் வாங்கலாம். கார்டு, மேலே சொன்ன சோதனையோடு வாங்கலாம். எஸ்எம்பிஎஸ், ஹார்டு டிஸ்க் இரண்டும் ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம்.

16. ப்ராசஸர் மாற்றும்போது சாக்கெட் பொருந்துவது மட்டும் போதாது. இன்டெல் 6, 7-ஆம் தலைமுறை போர்டும் 8, 9-ஆம் தலைமுறை போர்டும் ஒரே 1151 பின் கணக்குதான். ஆனால் ஒன்றின் ப்ராசஸர் மற்றதில் ஓடாது. 10, 11 ஒரு குடும்பம். 12, 13, 14 ஒரு குடும்பம். நான்காம் தலைமுறை ஐ5 வைத்திருப்பவர்கள் அதே போர்டில் காசு போடாமல், ஐ5 12400எஃப் போன்ற ஒன்றையும் டிடிஆர்4 போர்டையும் சேர்த்து மாற்றுவதுதான் நல்லது. பெயரின் கடைசியில் ‘எஃப்’ வந்தால் அதில் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது.

17. பி450 போன்ற, ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போர்டு வைத்திருப்பவர்களுக்கு இதில் யோகம். 2017-இல் முதல் ரைசனோடு வீடுகளுக்கு வந்த அந்தச் சாக்கெட்டுக்கு ஏஎம்டி வருடக்கணக்கில் புது ப்ராசஸர் விட்டுக்கொண்டே இருந்தது. ரைசன் 5 2600-ஐக் கழற்றிவிட்டு, அதே போர்டில் 2022-இல் வந்த ரைசன் 5 5600-ஐ வைக்கலாம். அதே 6 கோர், அதே 65 வாட். ஆனால் கேமில் வேறு கம்ப்யூட்டர் போலத் தெரியும். 5600-க்குப் பதில் 5500-ஐத் தள்ளப் பார்ப்பார்கள். ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு மெமரியான எல்3 கேஷ் 5600-இல் 32 எம்பி, 5500-இல் 16 எம்பி. கேமுக்கு இந்த கேஷ்தான் உயிர். 96 எம்பி கேஷ் உள்ள 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி நல்ல விலையில் கிடைத்தால் விட வேண்டாம்.

18. ஆனால் புது ப்ராசஸரை வைப்பதற்கு முன்னால், பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். மதர்போர்டு கம்பெனியின் தளத்தில், உங்கள் மாடலுக்கு நேரே எந்த ப்ராசஸருக்கு எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்ற பட்டியல் இருக்கும். இதைச் செய்யாமல் மாற்றினால் ஃபேன் சுற்றும், திரை வராது. ப்ராசஸர் பழுது என்று நினைத்துக் கடைக்கு அலைவீர்கள். அப்டேட் ஆகும்போது கரன்ட் போனால் போர்டே எழுந்திருக்காமல் போகலாம். எனவே யுபிஎஸ்ஸில் செருகிவிட்டு, மழை மின்னல் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

19. ஏஎம்4-இல் கூலரைக் கழற்றும் விதம் தனி. பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து கூலரையும் ப்ராசஸரையும் ஒட்டிப் பிடித்திருக்கும். நேராக மேலே இழுத்தால், சாக்கெட் பூட்டியிருக்கும்போதே ப்ராசஸர் கூலரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அடியில் 1331 பின். ஒன்றிரண்டு வளைந்தாலும் தலைவலிதான். இப்படிச் செய்யுங்கள்: பத்து நிமிடம் ஒரு கேமை ஓடவிட்டுப் பேஸ்ட்டைச் சூடாக்குங்கள். அணைத்து, மெயின் ஒயரைப் பிடுங்குங்கள். கூலரின் கொக்கியைத் தளர்த்தியதும் உடனே தூக்காமல், இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். இளகிச் சுழல ஆரம்பித்த பிறகு ஒரு பக்கமாகச் சாய்த்து எடுங்கள். ப்ராசஸரின் மேலுள்ள பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, நடுவில் சிறு பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்தால் போதும்.

20. விண்டோஸையும் கணக்கில் சேருங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் 8-ஆம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை முதல்தான் முறையான அனுமதி. விண்டோஸ் 11-இல் வேலரன்ட் ஆட டிபிஎம் 2.0-உம் செக்யூர் பூட்டும் வேண்டும். பேட்டில்ஃபீல்டு 6-உம் செக்யூர் பூட் கேட்கும். டிபிஎம், செக்யூர் பூட் என்ற இந்தப் பாதுகாப்பு வசதிகள் இரண்டும் பயாஸுக்குள் அணைந்து கிடக்கலாம், தேடிப் போடுங்கள்.

21. ஆபீஸிலிருந்து கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்பி எலைட்டெஸ்க் போன்றவை மலிவாகக் கிடைக்கும். படிப்புக்கு அருமையானவை. கேமுக்கு மாற்றும்போது, பல மாடல்களில் எஸ்எம்பிஎஸ் இணைப்பு கம்பெனியின் சொந்த வடிவம் என்பதால் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. ஒல்லியான கேபினெட்டில் முழு உயரக் கார்டும் நுழையாது. தனி மின்கேபிள் கேட்காத, அரை உயரக் கார்டுதான் வழி. ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகைக்குப் பொருத்தமான ஒரே இடம் இதுதான். 70 வாட்டில் ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும்.

22. ஏசி இல்லாத அறையில், ஏப்ரல் மே வெயிலில், மேஜையின் அடி அலமாரிக்குள் கேபினெட்டை அடைத்து வைத்தால் எந்தக் கார்டும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெளியே எடுத்து வையுங்கள். முன்பக்கம் கண்ணாடி மூடிய, வண்ண விளக்கு கேபினெட்டைவிட முன்பக்கம் சல்லடை போட்ட சாதாரண கேபினெட் மேல். ப்ளோயரால் தூசி அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் கட்டுக்கடங்காமல் சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

23. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடித்தால் கம்ப்யூட்டரைக் குறை சொல்லாதீர்கள். பிளக் பாயின்டில் எர்த் இல்லை. எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிசெய்த பிறகே புதுக் கார்டு மாட்டுங்கள். யுபிஎஸ் 600 விஏ என்றால் கிடைப்பது பெரும்பாலும் 360 வாட். மானிட்டரும் கம்ப்யூட்டரும் கேமில் 300 வாட் எடுத்தால் சில நிமிடம் தாங்கும். சேவ் செய்து அணைக்க அது போதும்.

24. அதே 300 வாட்டை நாள் ஒன்றுக்கு நான்கு மணி நேரம் ஓட்டினால் 1.2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் நல்ல பங்கு இதற்கே போகிறது. அடுத்த ஸ்லாபுக்குத் தாண்டினால் பில் தனியாக வலிக்கும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 150 எஃப்பிஎஸ் ஓட்டிப் பயனில்லை. கேம் செட்டிங்கில் 60-க்கு வரம்பு வைத்தால் கார்டின் உழைப்பும் சூடும் யூனிட்டும் ஒருசேரக் குறையும்.

25. சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவுக்குப் போவதானால் வார நாளில், காலையிலேயே போங்கள். ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். முதல் கடையிலேயே வாங்காமல், மாடல் எண்ணோடு எழுதிய கொட்டேஷனை மூன்று நான்கு கடையில் வாங்குங்கள். “அண்ணே, ஜிஎஸ்டி பில்லோட சேர்த்து விலை சொல்லுங்க” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீதம் மிச்சமாகத் தெரியும். ஆறு மாதம் கழித்துக் கார்டு போனால் சர்வீஸ் சென்டரில் காட்டக் கையில் ஒன்றும் இருக்காது. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். வாரன்டி கம்பெனியுடையதா, கடையுடையதா என்றும் கேளுங்கள். பெட்டி இல்லாமல் வரும் ட்ரே ப்ராசஸருக்குப் பெரும்பாலும் கடை வாரன்டிதான், கூலரும் வராது.

26. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. அக்கா மகனுக்குச் சொன்ன வரிசை: முதலில் எஸ்எஸ்டியும் இன்னொரு 8 ஜிபி ரேமும். அடுத்து எஸ்எம்பிஎஸ்ஸும் கார்டும், இவை இரண்டும் ஒன்றாகத்தான். பிறகு பணம் சேர்ந்ததும் ரைசன் 5 5600. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டாம் குறிப்பில் சொன்ன சோதனையைத் திரும்பச் செய்தால், அடுத்த கட்டம் தேவையா என்பதே தெரிந்துவிடும். புதுப் பாகம் மாட்டிய முதல் வாரத்தில் கடினமான கேமாகப் பார்த்து நீண்ட நேரம் ஓட்டுங்கள். குறை இருந்தால் கடை மாற்றித் தரும் நாட்களுக்குள் வெளிப்படட்டும். அட்டைப் பெட்டிகளை வாரன்டி முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள்.

27. கழற்றிய கார்டையும் ப்ராசஸரையும் உடனே விற்றுவிடுங்கள். அலமாரியில் வைத்திருந்தால் மாதாமாதம் விலை இறங்கும். ஹார்டு டிஸ்க்கை விற்பதானால் வெறும் டிலீட் போதாது. முழுவதும் அழிக்கும் ஃபார்மட் போடுங்கள், குடும்பப் படங்களும் பேங்க் விவரங்களும் அதில் இருக்கும். பேர் தெரியாத அந்தப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் யாருக்கும் விற்கவும் வேண்டாம், சொந்தக்காரப் பையனுக்குக் கொடுக்கவும் வேண்டாம். மின்கழிவு எடுப்பவரிடம் போட்டுவிடுங்கள்.